ஒரே வீடு, இரண்டு மீட்டர்: 80 யூனிட்டுக்கு 865 ரூபாய் எப்படிக் கூடியது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். கும்பகோணத்தில் அப்பா கட்டிய வீடு. கீழே அண்ணன் குடும்பம், மாடியில் நீங்கள். இரண்டு பக்கமும் நாலு பேர், ஒரு ஏசி, ஒரு ஃபிரிட்ஜ். ஏப்ரல், மே சேர்ந்த பில்லில் அண்ணனுக்கு 480 யூனிட், 1,679 ரூபாய். உங்களுக்கு 560 யூனிட், 2,544 ரூபாய். மீட்டர் வேகமாக ஓடுகிறதா, சோலார் போட்டால் தீருமா என்று கேட்கிறீர்கள். உண்மையில் இதற்குள் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. 80 யூனிட் ஏன் கூடியது என்பது ஒன்று. வெறும் 80 யூனிட்டுக்கு 865 ரூபாய் எப்படி ஆனது என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் நிச்சயமாகச் சொல்லலாம். முதலாவதை உங்கள் வீட்டைப் பார்க்காமல் ஊகமாகத்தான் சொல்ல முடியும். நான் லைசென்ஸ் எடுத்த வயர்மேன். இருபது வருஷத்துக்கு மேலாக மயிலாடுதுறை, கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் வீட்டு வயரிங்தான் தொழில். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் ரூபாய்க் கணக்கு. 2024 ஜூலையில் வந்த விகிதம்தான் உங்கள் பில்லில் இருக்கிறது. (2025 ஜூலையில் 3.16 சதவீதம் கூடியபோது வீடுகளுக்கான கூடுதலை அரசே ஏற்றுக்கொண்டது.) அந்த விகிதப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஆனால் 500ஐத் தாண்டிவிட்டால் அட்டவணையே மாறிவிடும். அந்த 2.35 ரூபாய்ப் படி காணாமல் போய், 101 முதல் 400 வரை முழுக்க 4.70 ஆகிவிடும். 501 முதல் 600 வரை 8.40, அதற்கு மேல் 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55.

இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,805 ரூபாய். 501 யூனிட் என்றால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. அதில் 8.40தான் அந்த யூனிட்டுக்கு உரியது, மீதி 235 ரூபாய் கைவிட்டுப் போன சலுகை. நீங்கள் அந்தக் கோட்டுக்கு 60 யூனிட் அந்தப்புறம், அண்ணன் 20 யூனிட் இந்தப்புறம். 865 ரூபாய் வித்தியாசம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. யாரும் உங்களை ஏமாற்றவில்லை. கீழ் வீட்டுக்காரர் கஞ்சமாகவும் இல்லை, மாடி வீட்டுக்காரர் ஊதாரியாகவும் இல்லை. வீட்டுப் பெண்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள், பேச்சு வளராமல் இருக்கும்.

அதனால் பில்லை ஒப்பிடும்போது ரூபாயை வைத்து ஒப்பிடாதீர்கள், யூனிட்டை வையுங்கள். அதுவும் பக்கத்து வீட்டோடு வைப்பதைவிட, உங்கள் வீட்டின் போன வருஷத்து அதே மாதங்களோடு வைப்பது நல்லது. சில தெருக்களில் ஒற்றைப்படை மாதத்தில் ரீடிங் எடுப்பார்கள், சில தெருக்களில் இரட்டைப்படையில். ஜூன் தொடக்கத்தில் ரீடிங் வரும் வீட்டுக்கு ஏப்ரலும் மேயும் ஒரே பில்லில் விழும். மே தொடக்கத்தில் வருபவருக்கு அந்த வெயில் இரண்டு பில்லாகப் பிரிந்துவிடும். வருஷத்து மொத்த யூனிட் ஒன்றாகவே இருந்தாலும் முதல் வீட்டுக்காரர்தான் அதிகம் கட்டுவார். உங்கள் உறவுக்காரர் யாராவது திருவாரூரில் குறைவாகக் கட்டுகிறார் என்றால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

ரீடிங் எடுக்கும் தேதியும் விளையாடும். ஒரு நாளைக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 60 நாளுக்குப் பதில் 65ஆவது நாள் ஆள் வந்தால், 480 ஆக நின்றிருக்க வேண்டியது 520 ஆகிவிடும். பில் 1,679க்குப் பதில் 2,208. ஆகவே போன ரீடிங் தேதியிலிருந்து 60ஆவது நாள் காலையில் மீட்டரை ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் பிரிவு அலுவலகத்தில் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்கலாம். திருத்திக் கொடுப்பார்கள் என்று நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன், ஆனால் கையில் ஆதாரம் இல்லாமல் கேட்பதைவிட இது மேல்.

மீட்டர் சந்தேகத்தை நீங்களே பெருமளவு தீர்த்துக்கொள்ளலாம். மீட்டரில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை சிமிட்டும் என்பது மீட்டர் முகப்பிலேயே 1600, 3200 என்கிற மாதிரி அச்சாகியிருக்கும். மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மெயினை அணையுங்கள். அப்போதும் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் மீட்டரில் கோளாறு இருக்கலாம், ஈபியில் எழுதிக் கொடுக்கலாம். சிமிட்டல் நின்றுவிட்டால் மெயினைப் போட்டு, வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும், இன்வெர்ட்டர் உட்பட, அணைத்துவிட்டுப் பாருங்கள். எதுவும் ஓடாதபோதும் சிமிட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது. பழைய வயரிங், ஓதம் ஏறிய சுவர், கிணற்றடி மோட்டாருக்குப் போகும் ஒட்டுப்போட்ட வயர், இந்த மூன்றில்தான் நான் பெரும்பாலும் கசிவைக் கண்டுபிடித்திருக்கிறேன். அது பில் விஷயம் மட்டும் இல்லை, உயிர் விஷயம். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மீட்டர் வேகத்தைப் பார்க்க, மற்றதெல்லாம் அணைந்திருக்கும்போது ஒரு வாளித் தண்ணீரில் 1,500 வாட் ஹீட்டர் ராடைப் போட்டு 4 நிமிடம் எண்ணுங்கள். அது 0.1 யூனிட். 3200 மீட்டர் என்றால் 320 தடவை சிமிட்ட வேண்டும். வோல்டேஜ் 230க்குப் பதில் 210தான் வருகிறது என்றால் ராடு இழுப்பதும் ஆறில் ஒரு பங்கு குறையும், 270ஐ ஒட்டித்தான் வரும், அதைப் பார்த்து மீட்டர் மெதுவாக ஓடுகிறது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். 350, 400 என்று போனால் தாராளமாக மீட்டர் பரிசோதனைக்கு விண்ணப்பம் கொடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. என் அனுபவத்தில், மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று கூப்பிட்ட வீடுகளில் மீட்டர் குற்றவாளியாக இருந்தது அபூர்வம்.

சரி, அந்த 80 யூனிட். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைத்தான் நான் முதலில் கேட்பேன்: போர் மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது? அண்ணன் தம்பி சேர்ந்திருக்கும் வீடுகளில் மாடி கட்டும்போது மோட்டார் லைனை மாடி மீட்டருக்கு மாற்றிவிடுவது சர்வ சாதாரணம், ஏனென்றால் டேங்க் மேலே இருக்கிறது, சுவிட்சும் அங்கேயே வைத்துவிடுவார்கள். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட ஒரு யூனிட். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஒரு பில்லுக்கு 60 யூனிட். எட்டுப் பேருக்குத் தண்ணீர், மாடித் தொட்டிச் செடி, வாசல் தெளிப்பது எல்லாம் சேர்ந்தால் அது தாராளமாக வரும். இதில் கசிவு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு வீட்டில் மோட்டாரைப் பழுது பார்க்கக் கூப்பிட்டார்கள். மோட்டார் நன்றாகவே இருந்தது. கொல்லைப்புறக் கழிவறையில் ஃப்ளஷ் டேங்கின் ரப்பர் வாஷர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் பீங்கானில் ஒரு கோடாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பீங்கானில் அந்த இடம் மட்டும் பழுப்பேறி இருந்ததால்தான் கண்ணில் பட்டது. ராத்திரி நிரப்பிய டேங்க் காலையில் பாதி. வாஷரை மாற்றியதும் மோட்டார் ஓடும் நேரம் பாதியாகக் குறைந்தது.

மோட்டார் உங்கள் மீட்டரில்தான் என்று தெரிந்தால், நியாயம் பேசி லைனைக் கீழே மாற்றச் சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 60 யூனிட்டைக் கீழே தள்ளினால் அண்ணன் 540க்குப் போய்விடுவார், நீங்கள் 500இல் நிற்பீர்கள், இரண்டு பில்லும் சேர்த்து மிச்சமாவது வெறும் 42 ரூபாய். சமமாகப் பிரித்து இருவரும் 520 என்று வைத்தால்கூட ஆளுக்கு 2,208, மொத்தம் 4,416. இப்போது இருவரும் சேர்ந்து கட்டுவது 4,223தான். வயரை மாற்றுவதைவிட, மோட்டார் செலவுக்கு அண்ணன் உங்களுக்குப் பணமாகக் கொடுத்துவிடுவது சுலபம். இன்னொரு சர்வீஸ் வாங்கி இன்னொரு 100 யூனிட் இலவசம் பெறலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒரே குடும்பம் ஒரே வீட்டில் இரண்டு இணைப்பு வைத்துக்கொள்வதை ஈபி ஏற்பதில்லை, கண்டுபிடித்தால் இணைத்துவிடுவார்கள். நீங்களும் அண்ணனும் தனித்தனிச் சமையல், தனித்தனிக் குடித்தனம் என்பதால் இப்போது இருப்பது முறையானதுதான்.

அடுத்த சந்தேகம் உங்கள் தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட். கீழ் வீட்டுக்கு உங்கள் வீடே குடை. உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பகல் முழுக்க வெயில் குடித்த தளம் ராத்திரி பத்து, பதினொரு மணி வரை அனலை உள்ளே இறக்கும். ஏசி அந்த அனலோடுதான் மல்லுக்கட்டுகிறது. ஆகவே ஒரே ஏசி, ஒரே நேரம் ஓட்டினாலும் மாடியில் கூடுதலாக ஓடும். எத்தனை யூனிட் கூடுதல் என்று என்னால் அளந்து சொல்ல முடியாது, அது தளத்தின் கனம், தட்டோடு பதித்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மாசி, பங்குனியில் மொட்டை மாடியைக் கழுவி, கிளிஞ்சல் சுண்ணாம்பில் ஒட்டுப் பசை கலந்து இரண்டு கை அடித்துவிடுங்கள். செலவு சொற்பம், ஐப்பசி கார்த்திகை மழையில் கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். கையில் காசு இருந்தால் வெள்ளை ஓடு பதிக்கலாம். மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டால் இதைவிட நன்றாகக் குளிரும், ஆனால் பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் புயல் அடித்தாலும் தூக்கம் போய்விடும்.

ஏசியை 24க்குக் கீழே இறக்காதீர்கள். 2020 முதல் ஸ்டார் முத்திரை பெற்ற ஏசிகள் ஆன் செய்ததும் 24இல்தான் நிற்க வேண்டும் என்பது ஸ்டார் முத்திரை கொடுக்கும் மத்திய அரசு அமைப்பான பி.இ.இ.யின் விதி. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். 26 வைத்து, கூடவே ஃபேனையும் மெதுவாகப் போட்டால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் போதும். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் தூசி பறக்கும் நாட்களுக்குப் பிறகு ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள்.

நான் அதிகம் வற்புறுத்துவது ஃபேனைத்தான். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்று போட்டு விற்கும், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் ஃபேன் 30 வாட். 45 வாட் மிச்சம், நாளுக்கு 15 மணி நேரம், 60 நாள்: 40 யூனிட். ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று இரண்டை மாற்றினால் 80 யூனிட். உங்கள் 560 அப்படியே 480 ஆகிவிடும், அண்ணன் வீட்டு பில்தான் உங்களுக்கும். இரண்டு ஃபேனுக்கு ஆறாயிரம் ரூபாய்க்குள் ஆகும். வெயில் காலத்து பில் ஒன்றிலேயே 865 ரூபாய் திரும்புகிறது. குளிர்காலத்தில் அவ்வளவு வராது. சூடேறும் பழைய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், பி.எல்.டி.சி. ஃபேனுக்கு அது ஆகாது.

எந்நேரமும் ஓடும் சாமான்களை எடைபோட ஒரு வழி: ஒரு வாட் இடைவிடாமல் இரண்டு மாதம் ஓடினால் 1.44 யூனிட். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததால் டெல்டாவில் நிறைய வீடுகளில் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அந்தப் பேட்டரி செத்த நிலையில் இன்னும் மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தால், வெறும் 20 வாட் என்றாலும் 29 யூனிட். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள், சுலபமாக வந்துவிட்டால் ரப்பரை மாற்றுங்கள். மற்றபடி மிக்ஸி, கிரைண்டர், டிவி, செல்போன் சார்ஜர் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 9 வாட் எல்.இ.டி. பல்பு தினம் 6 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு மூணேகால் யூனிட். அதை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டுவது பில்லில் தெரியாது. பிளக்கில் சொருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் பவர் சேவர் பெட்டி சுத்த மோசடி, பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சமையலுக்கு இண்டக்‌ஷனா, கேஸா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் அடுப்பு ஏறத்தாழ 130 யூனிட்டில் செய்யும். இது தோராயம், அடுப்பையும் பாத்திரத்தையும் பொறுத்துக் கொஞ்சம் ஏறி இறங்கும். உங்கள் ஊர் சிலிண்டர் விலையை 130ஆல் வகுங்கள். 870 ரூபாய் என்று வைத்தால் 6.70 வருகிறது. 500 யூனிட்டுக்குள் இருக்கும் வரை இண்டக்‌ஷன் மலிவு, தாண்டினால் கேஸ் மலிவு. ஆகவே கார்த்திகை, மார்கழியில் இண்டக்‌ஷனில் சமைத்துவிட்டு, சித்திரை, வைகாசியில் கேஸுக்குத் திரும்புங்கள்.

கடைசியாகச் சோலார். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, அதிகபட்சம் 78,000 மானியம். ஒரு கிலோவாட் நம் வெயிலில் நாளுக்குச் சுமாராக 4 யூனிட், ஒரு பில்லுக்கு 240 யூனிட் தரும். இப்போதைய உங்கள் 560இல் அது கழிந்தால் 320, பில் 799 ரூபாய், அதாவது 1,745 மிச்சம். இரண்டாவது கிலோவாட் போட்டால் கூடுதலாக மிச்சமாவது அந்த 799 மட்டும்தான். விற்பவர் மூன்று கிலோவாட் போடச் சொல்லுவார், உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். ஒரு கிலோவாட்டையும்கூட ஃபேன் மாற்றிய பிறகு கணக்குப் போடுங்கள். 480இல் 240 போனால் மிச்சம் 1,256 ரூபாய். மழைக்காலத்தில் உற்பத்தியும் குறையும், உங்கள் பில்லும் சின்னது. தாராளமாகப் பார்த்தாலும் வருஷத்துக்கு 5,700 ரூபாய். மானியம் போக 40,000 கைக்காசு போடுகிறீர்கள் என்றால் திரும்ப ஏழு வருஷம் பிடிக்கும். தப்பில்லை, ஆனால் அவசரமும் இல்லை. இன்னொரு ஏசி வாங்கும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கு மாறும், அப்போது முதலில் சோலாரையே போடலாம்.

போடுவதென்றால் காலை 9 முதல் மதியம் 3 வரை மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். கொல்லைத் தென்னையின் ஒரு மட்டை நிழல் ஒரு பேனல் மேல் விழுந்தாலே அந்த வரிசையின் உற்பத்தி சரியும். கம்பிச் சட்டம் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்கட்டும், தளத்தில் உறுதியாகப் பிணைக்கச் சொல்லுங்கள், சும்மா சிமெண்ட் கட்டை மேல் வைத்துவிட்டுப் போனால் புயலுக்குத் தாங்காது. மாடி இருவருக்கும் பொது என்பதால் அண்ணனிடம் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். மானியம் வேலை முடிந்து ஈபி மீட்டர் மாற்றிய பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இன்னொரு விஷயம், இதைத் தெரியாமல் நிறையப் பேர் வாங்கிவிட்டு வருத்தப்படுகிறார்கள்: இந்தத் திட்டத்தில் சாதாரணமாகப் போடும் சோலார், ஈபி கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். நட்டநடு வெயிலாக இருந்தாலும் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். ஆகவே பழைய இன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பேட்டரியை மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.